மறைந்ததா, காணாமற்போனதா?



மும்பையிலிருந்து கல்யாண் வழியாகக் கர்ஜத் செல்லும் மின்சார ரயிலில், விட்டல்வாடிக்கு அடுத்து வருவது உல்லாஸ்நகர். நான் குடியிருக்கும் ஊர். இரண்டாம் உலகப்போரின்போது இங்கே இராணுவ முகாம் ஒன்று இருந்தது. 1947-இல் நாடு பிரிந்தபின், சிந்துவிலிருந்து வந்த அகதிகள் அம்முகாமில் குடியேற்றப்பட்டனர். 1949 ஆகஸ்டு 8-ஆம் நாள், அன்று கவர்னர்-ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி இந்நகருக்கு அடிக்கல் நாட்டினார். முகாம் போய் நகரம் வந்தது. ஆயினும் இன்றுவரை முகவரி சொல்வோர் "கேம்ப் நம்பர் மூன்று" என்றே சொல்கின்றனர்.

அந்த முகாம் என்னவாயிற்று? ஆங்கிலேயர் 'வானிஷ்' என்ற ஒரு சொல்லால் விடை கூறிவிடுவர். தமிழில் எழுதுவோன் சற்று நின்று எண்ணவேண்டும்.

'வானிஷ்' என்பதன் வேர், வெறுமை எனப் பொருள்படும் 'வானுஸ்' என்ற இலத்தீன் சொல். இருந்த இடம் வெறுமையாதல் என்பது கருத்து. திடீரென்றோ, எப்படி என்று விளங்காமலோ நிகழ்வதையே பெரும்பாலும் அது குறிக்கும். 'டிஸப்பியர்' என்பதோ, தோன்றுதல் என்பதன் எதிர்ச்சொல். மெல்ல நிகழ்வதற்கும் அது பொருந்தும்.

தமிழில் இதற்கு எத்தனை சொற்கள்! மேகத்துள் புகுந்த நிலவு மறைந்தது. அது அங்கேயே இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. காலைப்பனி விலகியது. அச்சம் அகன்றது. ரயில் நெரிசலில் பணப்பை தொலைந்தது. சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போனது என 1952-இல் அறிவிக்கப்பட்டது. 2022-இல் நமீபியாவிலிருந்து அவ்விலங்கைக் கொணர்ந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்டனர். இவ்விடங்களிலெல்லாம் 'மறைந்தது' என்றே எழுதினால் பொருள் மயங்கும்.

இதனை நான் அகராதியில் கற்கவில்லை. எங்கள் பகுதியில் வாழும் திருநெல்வேலி அம்மையார் ஒருவரின் மகன், யாரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டான். ஊரிலுள்ள பத்திரிகைக்கு அனுப்புவதற்காக, ஆங்கில அறிவிப்பைத் தமிழாக்கித் தருமாறு என்னிடம் வந்தார். "செவ்வாய்க்கிழமை மறைந்தார்" என்று எழுதிப் படித்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. "தம்பி, என் பிள்ளை மறையலை. எங்கேயோ இருக்கான்" என்றார். மனிதரைப் பற்றி 'மறைந்தார்' என்றால் தமிழில் இறந்தார் என்பதன்றோ பொருள்! நாணத்துடன் அடித்துவிட்டுக் 'காணவில்லை' என்று எழுதினேன். ஒரு திங்களுக்குப்பின் மகன் சூரத்திலிருந்து தொலைபேசியில் பேசினான். அந்தப் பிழையை நான் மறக்கவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களும் இயல்பாகச் செயப்படுபொருள் ஏலா. ஒருவன் தானே மறைவான், மற்றவனை 'டிஸப்பியர்' செய்யான். தமிழிலோ மறைதல் தன்வினை, மறைத்தல் பிறவினை. ஆங்கிலத்தில் அப்பிறவினைப் பொருள் பரவியது ஒரு துயரத்தால். 1976 முதல் 1983 வரை அர்ஜென்டீனாவில் நடந்த இராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோர் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பவில்லை. இலத்தீன் அமெரிக்க ஸ்பானிய வழக்கைப் பின்பற்றி, ஆங்கிலமும் ஒருவரை 'டிஸப்பியர்' செய்ததாகக் கூறத் தொடங்கியது. 2006-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இக்கொடுமைக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது. 2010-இல் அது நடைமுறைக்கு வந்தது.

இலங்கைத் தமிழ்த் தாய்மார் இவ்வேறுபாட்டை எந்த இலக்கண நூலும் விளக்காதபடி விளக்கியுள்ளனர். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கிய அவர்கள், தம் மக்களைக் 'காணாமற் போனோர்' என்று சொல்வதை ஏற்கவில்லை. 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றனர். 'போனோர்' என்றால் தாமே போயினர் என்றாகும். 'ஆக்கப்பட்டோர்' என்றவுடன், ஆக்கியவர் யார் என்ற வினா எழுகின்றது. விடை சொல்லும் பொறுப்பும் அச்சொல்லினுள் அடங்கியிருக்கிறது.

ஆதலின் நேயர்களே, வேற்று மாநிலத்தில் வாழும் நாம் மனுவோ, அறிவிப்போ, ஊருக்குக் கடிதமோ எழுத நேரும்போது, ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல்லைத் தேடி அமைதல் போதாது. பொருள் அங்கேயே இருக்கிறதா, தொலைந்ததா, அழிந்ததா, யாரேனும் அகற்றினரா என்று முதலில் கேட்டுக்கொள்ளவேண்டும். எங்கோ இருக்கும் ஒருவரை நம் எழுத்து இறந்தவராக்கிவிடலாகாது.