கச்சும் கண்ணாடியும்: ஸ்டீம்பங்க் பற்றிச் சில குறிப்புகள்

சென்ற நோன்பு விடுமுறையில் என் ராத்தாவின் மகள் போனை என் முன்னால் நீட்டினாள். ஏ.எல். படிக்கிற பிள்ளை. படத்தில் ஒரு பெண். தலையில் ஹிஜாப், அதன் மேல் வெல்டிங் வேலைக்காரர் போடுவது மாதிரி பித்தளை விளிம்பு வைத்த கண்ணாடி, கழுத்து வரை பொத்தான், கணுக்கால் வரை பாவாடை, இடுப்பை இறுக்கிப் பிடித்த தோல் கச்சு, கச்சின் மேல் கடிகாரப் பற்சக்கரங்கள்.

"சாச்சி, முகமும் கையும் தவிர ஒண்டும் தெரியல்ல. பிறகு ஏன் உம்மா இதப் பார்த்து ஏசுறா?"

நியாயமான கேள்வி. உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பிறகு தேடி வாசித்தேன். வாசித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

அந்த உடைக்குப் பெயர் ஸ்டீம்பங்க். பெட்ரோலும் கணினியும் வராமல் நீராவியும் பித்தளையும் பற்சக்கரமுமே உலகை ஓட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனைதான் அதன் அடிப்படை. கே.டபிள்யு. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1987இல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். கதையில் தொடங்கியது பிறகு உடையாகவும் நகையாகவும் திருவிழாவாகவும் ஆயிற்று. நியூசிலாந்தின் ஓமாரு என்ற பழைய துறைமுக நகரம் இன்று தன் அடையாளமாகவே இதை வைத்துக்கொண்டிருக்கிறது. எங்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. 1957 வரை பிரிட்டிஷ் கடற்படை இருந்த திருகோணமலைத் துறைமுகமும், சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளும் குறிஞ்சாக்கேணியில் இருந்து தூரமில்லை. அவர்கள் விளையாட்டாக உடுத்துகிற அந்தக் காலம் எங்கள் கரையில் துருப்பிடித்து நிற்கிறது.

இதில் பாலுணர்வு எங்கே வருகிறது? இரண்டு இடத்தில் வருகிறது.

முதலாவது, அந்தக் கச்சு. கோர்செட் என்பார்கள். விக்டோரியா காலத்தில் அது உள்ளாடை. திமிங்கிலத்தின் தாடையில் இருந்து எடுத்த வளையும் தகட்டையோ இரும்புக் கம்பியையோ வைத்துத் தைத்து, முதுகில் கயிறு போட்டு இறுக்குவார்கள். யாரும் அதைப் பார்க்கக் கூடாது; ஆனால் அது உண்டாக்கிய இடுப்பை எல்லாரும் பார்க்க வேண்டும். ஸ்டீம்பங்க் அந்த உள்ளாடையை எடுத்துச் சட்டைக்கு மேலே போட்டது. ஒளித்து வைத்ததை வெளியே போட்டதில்தான் கவர்ச்சி இருக்கிறது. தோல் தெரிய வேண்டும் என்றே இல்லை. மூடியிருப்பதே கண்ணை இழுக்கலாம். என் ராத்தாவுக்கு இது சொல்லாமலே விளங்கியிருக்கிறது. மகளுக்கு விளக்கத்தான் சொல் கிடைக்கவில்லை.

இரண்டாவது, இயந்திரப் பெண். 1886இல் வில்லியே த லில்-ஆடம் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் ஒரு நாவல் எழுதினார். அதில் ஒரு பிரபு ஒருத்தியின் அழகை விரும்புகிறான். அவளுடைய மனத்தை வெறுக்கிறான். எடிசன் அவனுக்காக அதே உருவத்தில் ஓர் இயந்திரப் பெண்ணைச் செய்து கொடுக்கிறார். அழகு இருக்கும், சொந்த விருப்பம் இருக்காது. நாங்களும் இதில் சுத்தம் இல்லை. 1206இல் தன் இயந்திர நூலை முடித்த அல்ஜஸரீயை நம் பெருமையாகச் சொல்கிறோம்; சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவர் வடிவமைத்தவற்றில் பானம் ஏந்தி வரும் பணிப்பெண் உருவமும் உண்டு. இயந்திரத்தைச் செய்கிறவன் ஆண், செய்யப்படுகிறது பெண் என்ற ஏற்பாடு கிழக்கிலும் இருந்தது, மேற்கிலும் இருந்தது.

ஆண்கள் பார்ப்பதும் பெண்கள் பார்க்கப்படுவதுமான இந்த நிலை கதையோடு நின்றதில்லை. 1864 முதல் 1886 வரை இங்கிலாந்தில் தொற்றுநோய்ச் சட்டங்கள் என்று இருந்தன. படைமுகாம், துறைமுக ஊர்களில் பொலிஸுக்குச் சந்தேகம் வந்தால் ஒரு பெண்ணைப் பிடித்துக் கட்டாய உடற்பரிசோதனைக்கு அனுப்பலாம். அவளிடம் போய் வந்த மாலுமியை யாரும் பரிசோதிக்கவில்லை. இதே மாதிரிச் சட்டங்கள் காலனிகளுக்கும் வந்தன. ஒழுக்கத்துக்குப் பேர்போன காலம் என்கிறோம். அந்த ஒழுக்கத்தின் பாரம் முழுவதையும் பெண்ணின் உடல்தான் சுமந்தது.

இந்த ஏற்பாட்டை முழுசாகத் திருப்பிப் போட்டவர் ஒரு முஸ்லிம் பெண். அதுவும் ஸ்டீம்பங்க் என்ற சொல் பிறக்க எண்பது வருடத்துக்கு முன்னால். ருகையா ஸகாவத் ஹுஸைன். வங்காளிகள் ரொக்கேயா என்பார்கள். 1880இல் ரங்பூர் மாவட்டத்துப் பைராபந்தில் பிறந்து, கடும் பர்தாவில் வளர்ந்தவர். பகலில் படிக்க முடியாததால் காக்கா இரவில் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். அவருடைய 'சுல்தானாவின் கனவு' 1905இல் வெளியானது. வெளியிட்டது கல்கத்தாவோ லண்டனோ அல்ல. கமலா சத்தியநாதன் மதராஸில் நடத்திய இந்தியன் லேடீஸ் மேகஸின். 2024இல் இக்கதை யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பிராந்திய உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தது.

கதையில் பெண்கள் வெளியே வேலை செய்கிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் 'மர்தானா'வில் இருக்கிறார்கள். ஒரு பல்கலைக்கழகம் மேகத்தில் இருந்து குழாய் வழியே நீர் இறக்குகிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. அடுப்பில் விறகும் இல்லை, புகையும் இல்லை. வானில் மின்சாரத்தால் ஓடும் வண்டி போகிறது. எதிரிப் படை வந்தபோது மாணவிகள் சூரியக் கதிரைத் திருப்பியே விரட்டினார்கள். இயந்திரம் செய்கிறவள் இங்கே பெண். அவளை யாரும் செய்யவில்லை.

எங்கள் விஷயத்துக்கு முக்கியமான இடம் இனித்தான் வருகிறது. தெருவில் முகம் மூடாமல் நடக்க சுல்தானா கூச்சப்படுகிறாள். தோழி சாரா அவளுக்கு விளக்கம் சொல்கிறாள். அந்த நாட்டில் தூரத்து மச்சானும் கூடப் பிறந்தவன் மாதிரித்தான் மதிக்கப்படுகிறான். அதாவது ருகையா மஹ்ரம் என்ற வட்டத்தை விரித்துவிட்டார். ஆசைக்குப் பயந்து பெண்ணை மூடி வைப்பதற்குப் பதிலாக, பார்க்கிற கண்ணைத் திருத்தினார். கூடவே, இருபத்தொரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் கலியாணம் இல்லை என்றும் அந்த நாட்டு ராணி சட்டம் போடுகிறாள்.

இதில் ஒரு குறையும் உண்டு. அந்த நாட்டில் காதல் இல்லை, தாம்பத்தியத்தின் இனிமை இல்லை. ஆசையை அடைத்து வைத்த வீட்டில் வளர்ந்தவர், ஆசையே இல்லாத நாட்டைத்தான் கனவு கண்டார். ஆனால் நம் மரபு அவ்வளவு வறண்டதல்ல. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் நிக்காஹ்வின் ஒழுங்குகளைச் சொல்லும்போது தம்பதியரின் இன்பத்தைக் கூசாமல் பேசுகிறார். குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனையே காதலியாக்கி மனோன்மணிக் கண்ணி பாடினார். ஆசை பாவம் என்று அவர்கள் நினைக்கவில்லை. அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்றே நினைத்தார்கள். அந்த ஒழுங்கை அல்குர்ஆன் யாரிடம் முதலில் கேட்கிறது? அந்நூர் அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள். பார்வையைத் தாழ்த்தும்படி முதலில் ஆண்களுக்குத்தான் கட்டளை. பெண்களுக்கு உரியது 31இல் வருகிறது. நாங்கள் பயான்களில் பெரும்பாலும் 31இல் இருந்துதான் தொடங்குகிறோம்.

இந்த வரிசை மாறினால் என்ன நடக்கும் என்பதையும் ருகையாவே எழுதிவைத்தார். 1931இல் வந்த 'அபரோத்பாசினி' நூலில் ஒரு சம்பவம். அவருடைய கணவர் வழி உறவுப் பெண் ஒருவர் கியூல் சந்தியில் ரயில் மாறும்போது புர்க்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்தார். தூக்க ஆண்கள் ஓடி வந்தார்கள். பீபியை யாரும் தொடக்கூடாது என்று வேலைக்காரி தடுத்துவிட்டாள். அவளால் தனியே தூக்கவும் முடியவில்லை. ரயில் காத்து நின்றது, கடைசியில் கிளம்பியது. உண்மையான நீராவிக் காலம் இதுதான். ஓர் உடலை ஆசைக்குரிய பொருளாக மட்டுமே பார்த்தால், அதற்கு உயிர் இருப்பதே மறந்துபோகும்.

இதை வாசித்த இரவு எனக்கு எங்கள் களப்புத்தான் நினைவுக்கு வந்தது. 2021 நவம்பர் 23 காலை இங்கே பாதை கவிழ்ந்தபோது ஊரார் தண்ணீரில் குதித்துக் கைக்குக் கிடைத்தவர்களை எல்லாம் தூக்கினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பெரியவர்களுமாகச் சிலரை இழந்தோம். அன்று அந்தக் கைகளுக்கு ஆண் உடல், பெண் உடல் என்று ஒன்றும் இல்லை; உயிர் மட்டும்தான். கியூலில் இல்லாத அறிவு எங்களிடம் இருக்கிறது. அதை ஆபத்து நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

ருகையாவின் ராணி போட்ட வயதுச் சட்டமும் அந்த அறிவைச் சேர்ந்ததுதான். இந்நாட்டின் பொதுச்சட்டம் 1995 முதல் பதினெட்டு என்கிறது. நம் 1951ஆம் ஆண்டு விவாக விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயதே இல்லை. பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் காதியின் அனுமதி வேண்டும் என்று மட்டும் இருக்கிறது. பிள்ளையின் இடுப்புக் கச்சைப் பார்த்துப் பதறுகிற நாங்கள் இதற்கும் பதற வேண்டாமா?

ராத்தாவின் மகளுக்கு நான் சொன்னது இதுதான். "மகள், அந்த உடையில ரெண்டு சாமான் இருக்கு. கச்சு மத்தவங்க உன்னப் பார்க்கிறதுக்கு. கண்ணாடி நீ உலகத்தப் பார்க்கிறதுக்கு. உம்மா ஏசினது கச்சுக்கு. அது விளங்காம ஏசல்ல. ஆனா அந்தக் கண்ணாடிய அவ கவனிக்கல்ல."

அவள் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "சரி சாச்சி, இதெல்லாம் எனக்கு மட்டுந்தானா? காக்காவுக்கு யாரு சொல்லுறது?"

அவளுடைய காக்கா அப்போது முன்வாசலில் போனோடு இருந்தான். அவன் என்ன படம் பார்க்கிறான் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. அடுத்த விடுமுறையில் அவனையும் கூப்பிட்டு இருத்தி, முப்பதாம் வசனத்தில் இருந்து தொடங்கலாம் என்று நானும் ராத்தாவும் பேசி வைத்திருக்கிறோம்.