தண்டுத்துண்டும் வேரூன்றும் ஓமோனும்

போகன்வில்லாவின் தண்டை வெட்டி நட்டோர் பலர், அது வேர்விடாது பட்டுப்போவதைக் கண்டு மனஞ் சலிப்பர். செவ்வரத்தையின் சாதாரண இனங்கள் ஓமோன் இன்றியே வேர்விடும். அவற்றிற்குப் பணஞ் செலவிடல் வீண். போகன்வில்லாவுக்கோ இந்தோல் பியூற்றிரிக் அமிலம் கலந்த தூள் நன்கு உதவும். எனினும், அது நலிந்த தண்டுக்கு உயிரூட்டும் மருந்தன்று.

பென்சிற் பருமனுள்ள, முற்றத் தொடங்கிய தண்டை 6 அங்குல நீளத்தில், அடிக்கணுவிற்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுக. மேல்நுனியைச் சாய்வாக வெட்டின், தலைகீழாக நடும் தவறு நேராது. கீழிலைகளை நீக்குக. வேண்டிய தூளை மட்டும் ஒரு தாளிற் கொட்டி, தண்டின் அடியை அரை அங்குலம் தோய்த்து, மிகுதியைத் தட்டிவிடுக. தூள் மிகுந்தால் அரும்பு தடைப்படும். பேணியினுள் நேரே தோய்த்தால் ஈரம் புகுந்து முழுத்தூளும் கெடும். மணலிற் குச்சியால் துளையிட்ட பின்னரே நடுக; இன்றேல் தூள் உராய்ந்து போகும்.

நிழலும் ஈரமும் குன்றாது காக்க. நீர் தேங்கின் அடி அழுகும். சில வாரங்களில் தளிர் தோன்றலாம். அது வேருக்குச் சான்றன்று. தண்டிலுள்ள சேமிப்பால் வருவது. அவ்வேளை பிடுங்கிப் பார்ப்பின் இளவேர் அறும். 6 முதல் 8 வாரங்கள் பொறுத்து, தண்டை மெல்ல இழுக்க. பிடித்து நின்றால் தொட்டிக்கு மாற்றலாம்.