ராஜா ஏன் கீழே இறங்கினார்?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் அரைத் தூக்கத்தில் இருப்பவர்கள்கூட, செஞ்சி வந்ததும் கண் விழித்து ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டியது மாதிரி பாறை மேல் பாறை. உச்சியில் பொட்டு மாதிரி ஒரு கட்டடம். "அட, தேசிங்கு ராஜா கோட்டை!" என்று பக்கத்து சீட்காரரிடம் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுவார்கள்.

இறங்குங்கள் சார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து, முழங்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துபோனவர்களுக்கு ஏற்ற மலை இது. இமயமலை இல்லை, மொட்டை மாடிப் படியும் இல்லை.

மொத்தம் மூன்று மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் இணைத்து முக்கோணமாக ஒரு மதில், சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர். வருகிறவர்களில் பலர் கல்யாண மகால் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு, குரங்குக்கு பிஸ்கட்டைப் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். கோட்டை புரிய வேண்டுமென்றால் சுற்றி நடக்க வேண்டும்.

வெயில் ஏறுமுன் ரோட்டுக்கு வடக்கே கிருஷ்ணகிரியில் ஆரம்பியுங்கள். ராணிக் கோட்டை என்பார்கள். படிகள் செங்குத்து, ஆனால் உயரம் குறைவு. மேலே நெற்களஞ்சியங்கள், ரங்கநாதர் கோயில், காற்று பிய்த்துக்கொண்டு போகும் குவிமாட மண்டபம். அங்கே நின்று தெற்கே பாருங்கள். ராஜகிரி முழுசாகத் தெரியும். 'இதையா ஏறப் போகிறோம்?' என்று வயிற்றைக் கலக்கினால், எதிரிக்கும் அப்படித்தான் கலக்கியிருக்கும் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

இறங்கி ரோட்டைக் கடந்தால் வேங்கடரமணர் கோயில். இங்கே இருந்த உயரமான ஒற்றைக்கல் தூண்களில் சிலவற்றைப் பார்க்க புதுச்சேரிக்குத்தான் போக வேண்டும். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை இங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் போனவை. அதைத் தாண்டினால் சாதத்துல்லா கான் மசூதி, அப்புறம் கல்யாண மகால், களஞ்சியம், யானைக்குளம். மகால் சுவரில் ஆணியால் காதலைச் செதுக்கி வைத்திருக்கும் மகானுபாவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பக்கம் போதாது. 2025-ல் யுனெஸ்கோ, மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிராவில். பன்னிரண்டாவது இந்தச் சுவர்!

ராஜகிரி சுமார் 800 அடி. பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். மூச்சு வாங்க நல்ல இடம். கடைசியில்தான் விஷயமே இருக்கிறது. உச்சிப் பாறை மலையிலிருந்து தனியாக வெட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவே சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழத்தில் ஒரு பிளவு. குறுக்கே ஒரு மரப் பாலம். அதை எடுத்துவிட்டால் பத்து பேர் ஒரு படையையே நிறுத்தலாம்.

நிறுத்தினார்கள். 1677-ல் சிவாஜி பிடித்துப் பலப்படுத்திய கோட்டை இது. 1690-ல் அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் படை வந்து சுற்றி வளைத்தது. கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு வருஷம்! தளபதி ஜுல்பிகர் கானே வேண்டுமென்று இழுத்தடித்தார் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. பிராஜெக்ட் முடிந்தால் அடுத்த போஸ்டிங் எங்கேயோ என்ற கவலை அப்போதும் இருந்திருக்கிறது. கடைசியில் ராஜாராம் தப்பிப் போன பிறகுதான் கோட்டை கிடைத்தது.

இப்போது நம்ம ஆளுக்கு வருவோம். தேசிங்கு என்று நாம் கூப்பிடும் தேஜ்சிங், புந்தேலா ராஜபுத்திரர். அப்பா சொரூப்சிங் மொகலாயர் நியமித்த கில்லேதார். 1714-ல் அப்பா இறந்ததும் மகன் அந்த சீட்டில் உட்கார்ந்தார். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானோ, "அப்பா வைத்த கிஸ்தி பாக்கி எங்கே? டில்லியிலிருந்து புது ஆர்டர் எங்கே?" என்று கேட்டார். வாரிசு வேலைக்கு அலைந்தவர்களுக்கு இந்த வசனம் பழக்கமானதுதான். எம்.ஜி.ஆர். நடித்த 1960-ம் வருஷப் படம், தெருக்கூத்து, கதைப்பாட்டு எல்லாவற்றிலும் பாராசாரிக் குதிரை பறக்கிறது. ஆனால் சண்டையின் வேர் என்னவோ வரி பாக்கி. பி.காம். படித்தவனுக்கு இது கண்ணில் உறுத்தாமல் போகுமா?

உச்சியில் நின்று யோசித்துப் பாருங்கள். கீழே களஞ்சியம், மேலே சுனை, நடுவே பிளவு. பாலத்தை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நவாப் எத்தனை மாசம் வெயிலில் காய்ந்திருப்பார்! தேசிங்கு உட்காரவில்லை. சில நூறு பேரோடு குதிரையேறி, பல மடங்கு பெரிய படையைச் சமவெளியில் சந்தித்தார். 1714 அக்டோபரில் செத்துப்போனார். வயசு 22. ஆண்டது பத்து மாசம். எட்டு வருஷம் தாக்குப்பிடித்த ராஜாராமுக்கு இந்தப் பக்கம் ஒரு பாட்டு கிடையாது. பத்து மாசக்காரருக்கு முந்நூறு வருஷமாகப் பாடுகிறார்கள். கல்யாணத்தை விட்டுவிட்டு சண்டைக்கு ஓடிவந்த அவருடைய முஸ்லிம் நண்பனுக்கும் அதே பாட்டில் இடம் உண்டு.

வீரமா, வீம்பா? ஏறும்போது எனக்கு வீம்பு என்றுதான் பட்டது. உச்சியில் காற்று வாங்கியபோது அவ்வளவு நிச்சயமாக இல்லை. மற்றவர்களுக்குச் சம்பளமும் சாப்பாடும் கொடுத்து வருஷக்கணக்கில் ஒளிந்திருக்க, 22 வயசுக்காரனிடம் என்ன இருந்திருக்கும்?

இறங்கும்போது முழங்கால் பேசும், பேசட்டும். குச்சி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், குரங்குக்கும் ஆகும். தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பகலுக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள்.

திரும்பும் வழியில் சக்கரகுளம், செட்டிகுளம். பக்கத்தில் ஒரு பெரும் பாறையில் கிணறு மாதிரி குழி. மரண தண்டனைக் கைதிகளை உள்ளே தள்ளிப் பட்டினி போட்டார்களாம். செட்டிகுளக் கரையில்தான் தேசிங்கை எரித்தார்கள், அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறியதும் அங்கேதான் என்கிறார்கள். அந்தப் பெண்ணின் நினைவாகத்தான் நவாப் ராணிப்பேட்டைக்குப் பெயர் வைத்தார் என்றும் ஒரு பேச்சு. ஜெயித்தவர் வைத்த பெயர்.

குளத்தங்கரையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு ரோட்டுக்கு வாருங்கள். சாயங்கால திண்டிவனம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது.