அடிமை வரலாற்றிலிருந்து எழுந்த அணிநடை: கறுப்பினப் பல்கலைக்கழகங்களின் பாண்ட் வாத்தியம்

எமது பாடசாலைகளில் பாண்ட் வாத்தியம் இல்லாமல் இல்ல விளையாட்டுப் போட்டி நடப்பதில்லை. விருந்தினரை மைதானத்துக்கு அழைத்து வருவதும், இல்ல அணிகளின் நடைக்கு அடி எடுத்துக் கொடுப்பதும் பாண்ட் பிள்ளைகள்தான். ஆனாலும் பரிசளிப்பு முடிந்ததும் வாத்தியங்கள் அறைக்குள் போய்விடும். அடுத்த விழா வரும்வரை அவற்றை எவரும் தேடுவதில்லை.

இதே பாண்ட் வாத்தியத்தை ஒரு ஒடுக்கப்பட்ட சமூகம் தனது கல்வியின் முதுகெலும்புகளில் ஒன்றாக மாற்றிய வரலாறு அமெரிக்காவில் உண்டு. அந்த வரலாற்றில் எமக்குப் பாடமும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது.

இராணுவத்திடமிருந்து வந்த இசை

அணிநடை பாண்ட் இராணுவத்தின் பிள்ளை. சிப்பாய்களின் கால்கள் ஒன்றாக விழுவதற்கு முரசு தேவைப்பட்டது. கட்டளைகளைத் தூரத்துக்குக் கொண்டு செல்ல ஊதுகுழல் தேவைப்பட்டது. சீருடை, வரிசை, தலைவரின் கைத்தடி என்பனவெல்லாம் அங்கிருந்து வந்தவையே.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் தென் மாநிலங்களின் வெள்ளையர் பல்கலைக்கழகங்கள் கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறக்கவில்லை. எனவே அவர்களுக்கெனத் தனியான கல்லூரிகள் எழுந்தன. அலபாமாவில் டஸ்கீகி 1881இலும், புளோரிடாவில் இன்று புளோரிடா ஏ அன்ட் எம் எனப்படும் பல்கலைக்கழகம் 1887இலும் தொடங்கின. புளோரிடாக் கல்லூரியில் 1892இலேயே பாண்ட் அணி உருவாகிவிட்டது.

முதலாம் உலகப் போரில் கறுப்பினச் சிப்பாய்களைக் கொண்ட 369ஆவது படையணி, பிரெஞ்சு இராணுவத்தின் கீழ் போரிட அனுப்பப்பட்டது. சொந்த நாட்டு வெள்ளையினச் சிப்பாய்கள் அவர்களோடு தோளோடு தோள் நிற்க விரும்பவில்லை. ஜேம்ஸ் ரீஸ் யூரோப் தலைமையிலான அந்தப் படையணியின் பாண்ட், 1918இல் பிரான்ஸின் நகரங்களில் ஜாஸ் இசையை வாசித்தது. நடைப்பாட்டுக்கெனச் செய்யப்பட்ட வாத்தியங்களில் தமது மக்களின் தாளத்தை அவர்கள் ஏற்றினார்கள்.

ஃபொஸ்டர் செய்த மாற்றம்

இந்த மரபுக்குப் பல்கலைக்கழகத்தில் புதிய வடிவம் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் வில்லியம் ஃபொஸ்டர். இசைக்குழு நடத்துநராக வர வேண்டும் என்பது அவரது இளமைக்கால ஆசை. கறுப்பினத்தவருக்கு அப்படியான வேலை கிடையாது என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே அவருக்குச் சொல்லப்பட்டது. 1946இல் புளோரிடா ஏ அன்ட் எம் சென்ற அவர், நாட்டின் எந்த வெள்ளையினப் பாண்டுக்கும் குறையாத ஒரு அணியைக் கட்டியெழுப்பினார். 1998 வரை அவரே அதை வழிநடத்தினார்.

முழங்காலை இடுப்பு மட்டத்துக்கு உயர்த்தி வைக்கும் நடை, சட்டென மின்னல் வேகத்துக்கு மாறும் அடி, வாத்தியத்தை ஊதிக்கொண்டே ஆடும் நடனம், அக்காலத்தில் மக்கள் விரும்பிக் கேட்ட பாடல்கள் எல்லாம் அவரது அணியில் சேர்ந்தன. உதைபந்தாட்டப் போட்டியின் இடைவேளையில் தேநீர் குடிக்கப் போகும் சனம், இந்தப் பாண்டைப் பார்ப்பதற்காக இருக்கையை விட்டு எழாமல் இருந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் 200ஆவது ஆண்டு நிறைவு விழாவுக்காக 1989 ஜூலை 14 அன்று பாரிஸில் நடந்த அணிவகுப்பில், அமெரிக்காவின் சார்பில் நடந்தது இந்த அணிதான்.

பாண்டுக்குப் பின்னால் இருக்கும் கல்வி

இந்த அணிகளில் இருப்பவர்கள் எல்லோரும் இசை படிப்பவர்கள் அல்லர். பொறியியல், தாதியியல், வணிகம் படிப்பவர்களும் இருப்பார்கள். திறமையானவர்களுக்குப் பாண்ட் மூலமே புலமைப்பரிசில் கிடைக்கிறது. வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு ட்ரம்பெட் பல்கலைக்கழகத்துக்கான வாசலாக அமைகிறது.

இதைவிட முக்கியமானது அதன் சங்கிலித் தொடர். பட்டம் பெற்று வெளியேறும் பலர் தமது ஊர்ப் பாடசாலைகளுக்கே இசை ஆசிரியர்களாகத் திரும்புகிறார்கள். அவர்கள் பழக்கும் பிள்ளைகள் மீண்டும் அதே பல்கலைக்கழகங்களுக்குப் போகிறார்கள். வெளியார் எவரும் முன்வராத காலத்தில், ஒரு சமூகம் தன் ஆசிரியர்களைத் தானே உருவாக்கிக்கொண்ட வழி இது. 2023இல் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாண்ட் கிராமி விருது பெற்றபோது, அதன் பின்னால் இத்தனை தலைமுறைகளின் உழைப்பு இருந்தது.

பேருந்துக்குள் நடந்த கொலை

இதற்கு இருண்ட பக்கமும் உண்டு. 2011 நவம்பர் 19 அன்று, போட்டி ஒன்று முடிந்த இரவில், ஃபொஸ்டர் உருவாக்கிய அதே பாண்டைச் சேர்ந்த 26 வயது மாணவர் ஒருவர் இறந்தார். அணியை முன்னின்று நடத்துபவர்களில் அவரும் ஒருவர். ஓர்லாண்டோ நகரில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பாண்ட் பேருந்துக்குள், சக மாணவர்களே சடங்கு என்ற பெயரில் அவரை அடித்தார்கள். எதிரிகள் எவரும் அங்கு இருக்கவில்லை.

பாண்ட் உடனடியாக இடைநிறுத்தப்பட்டது. 2013இல்தான் அது மீண்டும் மைதானத்துக்கு வந்தது. பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். முன்னாள் உறுப்பினர் ஒருவருக்கு ஆறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அடி வாங்கினால்தான் அணியில் ஒருவன், கனிட்டர் பணிந்தால்தான் ஒற்றுமை வளரும் என்ற வாதம் எமக்குப் புதிதல்ல. எமது பல்கலைக்கழகங்களில் பகிடிவதையை நியாயப்படுத்துபவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இலங்கையில் அதற்கெதிரான சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. இருந்தும் பகிடிவதை ஓயவில்லை. வெளியாரின் ஒடுக்குமுறையை எதிர்த்து எழுந்த நிறுவனம், தன் பிள்ளைகளைத் தானே ஒடுக்கினால் அதன் பெருமை எதற்கு?

எமது பிள்ளைகளின் பாண்ட்

சீருடையும் அணிவகுப்பும் எமது மக்களுக்கு வேறு நினைவுகளையும் தருவன. ஒரே அடியில் விழும் பூட்ஸ் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இது. அதே அடியைப் பிள்ளைகள் இசைக்காக வைக்கும்போது அதன் பொருள் மாறக்கூடும். ஆனால் அந்த மாற்றம் தானாக வராது. பிள்ளை யாருக்காக வாசிக்கிறது என்பதைப் பொறுத்தே அது வரும்.

பிந்தி வரும் அதிதிக்காகக் கொதிக்கும் வெயிலில் பிள்ளைகளைக் காக்க வைப்பது இசைக் கல்வி ஆகாது. வாத்தியம் வாங்கப் பணம் திரட்டும் பழைய மாணவர் சங்கங்கள், வாசிக்கப் பழக்கும் ஆசிரியருக்கும் வழி செய்யலாம். வரவேற்பு மெட்டுகளோடு நிறுத்தாமல், எமது பறையும் தவிலும் பேசும் தாளங்களை அந்த ட்ரம்களில் பிள்ளைகள் முயன்று பார்க்கலாம். ஆண்டுக்கு ஒரு தடவையாவது, எந்த விருந்தினரும் இல்லாமல், ஊர்ச் சனத்துக்காக மட்டும் அவர்கள் வாசிக்கட்டும்.