கால்வாயின் அகலமே படகின் அளவு

மலைநாட்டின் இறம்பொடை நீர்வீழ்ச்சியின் உயரம் 109 மீற்றர். இங்கிலாந்தின் டிவைசிஸ் நகருக்கருகே கென்னட்–ஏவன் கால்வாய் 72 மீற்றர் ஏறுவதற்கே 29 ‘லொக்’குகள் தேவைப்பட்டன. லொக் என்பது இரு முனைகளிலும் கதவுகள் பொருத்திய நீண்ட கற்தொட்டி; கீழ்க்கதவு வழியே படகு உள்ளே நுழைந்ததும் கதவு அடைக்கப்பட்டு, மேற்புறத்து நீர் சிறு மடைகள் வழியே உள்ளே விடப்பட, நீர்மட்டத்தோடு படகும் எழும்பி, மேற்கதவு திறந்ததும் அடுத்த படிக்குச் செல்கிறது. இந்தக் கணக்கில் இறம்பொடையின் ஒரு வீழ்ச்சியைக் கடக்கவே நாற்பதுக்கு மேற்பட்ட லொக்குகள் வேண்டும் என்பதால், கொத்மலை ஓயாவும் அதன் கிளைகளும் சரக்குப் படகை அறியாமற்போனதில் வியப்பில்லை. மலைநாட்டின் கோப்பியும் பின்னர் தேயிலையும் மாட்டு வண்டியிலும், 1867இல் கண்டியையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய ரயிலிலுமே கீழிறங்கின. எனினும், கொழும்பை அடைந்த தேயிலைப் பெட்டிகள் கப்பலுக்குப் போகும் கடைசிச் சிறு தூரத்தில் கால்வாய்ப் படகில் ஏறின. பேரை வாவிக் கரையின் களஞ்சியங்களிலிருந்து, வாவியைத் துறைமுகத்தோடு இணைத்த கால்வாயையும் அதன் லொக்கையும் கடந்து, தட்டையடிப் படகுகள் அவற்றைத் துறைமுகத்தில் சேர்த்தன.

மேற்குக் கரையில் அத்தகைய படகுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. நீர்கொழும்புப் பகுதியில் கோட்டை மன்னர் காலத்திலேயே கால்வாய் வெட்டப்பட்டிருந்தது. கறுவா வணிகத்தைக் கையில் வைத்திருந்த ஒல்லாந்தர், களப்புகளையும் ஆறுகளையும் வெட்டுக் கால்வாய்களால் கோத்து, கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் வரை உள்நாட்டு நீர்வழி ஒன்றை அமைத்தனர். பிரித்தானியர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாயின் முதல் நோக்கம் படகோட்டமன்று. முத்துராஜவெல சதுப்பு நிலத்திலிருந்து உவர்நீரை வடிப்பதற்காகவே அது வெட்டப்பட்டது. இந்த நீர்வழியில் புத்தளத்து உப்பும், கொப்பறாவும், ஓடும், விறகும் கிடுகு வேய்ந்த வளைகூரையுடைய படகுகளில் சென்றன. படகோட்டிகள் நீண்ட கழியை ஊன்றித் தள்ளினர். ஆழம் குறைந்த நீருக்குத் தட்டையான அடியும், தாழ்ந்த பாலத்துக்குத் தாழ்ந்த கூரையும் பொருந்தின. ரயிலும் லொறியும் வந்தபின் சரக்கு கைமாறவே, தூர்வாருவதற்கான காரணமும் போயிற்று. பல பகுதிகள் வெறும் வடிகாலாகச் சுருங்கின.

இங்கிலாந்தில் ‘நெரோபோட்’ எனப்படும் ஒடுங்கிய படகுக்கும் இதே முடிவுதான் காத்திருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரின்ட்லி என்ற பொறியியலாளர், கட்டுமானச் செலவையும் நீரையும் மிச்சப்படுத்த எண்ணி, நடு இங்கிலாந்தின் கால்வாய்களுக்கு ஏறத்தாழ 7 அடி அகலமும் 72 அடி நீளமும் கொண்ட லொக்குகளை வகுத்தார். அத்தகைய லொக் ஒன்றை ஒருமுறை நிரப்பவே ஒரு இலட்சம் லீற்றருக்கு மேல் நீர் வேண்டும் என்பதை நினைத்தால் அந்தச் சிக்கனம் நியாயமானதே. அதன் விளைவாக, அங்கு செல்லும் படகு எதுவாயினும் 6 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலமாக இருக்க முடியாது என்ற விதி இன்றுவரை நீடிக்கிறது. இன்று அத்தகைய படகில் குடியிருப்பவரின் கட்டிலும் அடுப்பும் அந்த அகலத்துக்குள்ளேயே அடங்க வேண்டும். 1944இல் எல். டி. சி. ரோல்ட் தம் படகுப் பயணத்தைப் பற்றி எழுதிய ‘நெரோ போட்’ என்ற நூலும், அதைத் தொடர்ந்து 1946இல் தோன்றிய உள்நாட்டு நீர்வழிச் சங்கமும் மூடப்படவிருந்த கால்வாய்களுக்காக வாதாடின. 1962–63 குளிர்காலத்தில் நீர் உறைந்து வணிகப் போக்குவரத்து பெரும்பாலும் ஓய்ந்துவிட்டபோது, உல்லாசப் படகுகள் அந்த இடத்தை நிரப்பத் தொடங்கியிருந்தன. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 3,200 கிலோமீற்றர் நீர்வழியை 2012இல் உருவான அறக்கட்டளை ஒன்று பராமரிக்கிறது.

இந்த ஒடுங்கிய படகை வாடகைக்கு எடுப்பது எளிது. படகு நிறுவனங்கள் வார இறுதிக்கோ ஒரு வாரத்துக்கோ படகைக் கொடுக்கின்றன. கால்வாயில் ஓட்டுவதற்குத் தனி அனுமதிப் பத்திரம் தேவையில்லை, புறப்படுமுன் அளிக்கப்படும் பயிற்சியே போதும். வேகம் மணிக்கு 4 மைலுக்கு மேற்படலாகாது. அதனினும் விரைந்தால் எழும் அலை கரையை அரித்து, கட்டி நிற்கும் படகுகளையும் ஆட்டும். நடைவேகத்தில் செல்லும் இப்படகில் அவசரக்காரருக்கு இடமில்லை. இதற்கு மாறாக, கேரளத்தின் ஆலப்புழையில் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய பழைய நெற்படகின் வழிவந்த ‘கெட்டுவள்ளம்’ ஓட்டுநரோடும் சமையற்காரரோடும் வாடகைக்கு வருகிறது. பயணி தளத்தில் அமர்ந்து மீன் குழம்புக்குக் காத்திருந்தால் போதும்.

இங்கிலாந்தின் ஒடுங்கிய படகை விலைக்கு வாங்குவதுதான் சிக்கல். எஃகுப் படகின் அடித்தகட்டை நீர் உள்ளிருந்தும் வெளியிருந்தும் அரிக்கும் என்பதால், படகைக் கரையேற்றி, ஒலியலைக் கருவியால் தகட்டின் தடிப்பை அளக்கும் ஆய்வாளர் ஒருவரின் அறிக்கையைப் பெறாமல் பழைய படகுக்குப் பணம் கொடுப்பது அறிவீனம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கொருமுறை அடிப்பாகத்துக்குக் கறுப்புக் காப்புப்பூச்சு இட வேண்டும். நான்காண்டுக்கொருமுறை பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். காப்புறுதியும் ஆண்டு உரிமக் கட்டணமும் தனி. நிறுத்துமிடத்துக்கு வாடகை செலுத்த விரும்பாதவர் தொடர்ந்து பயணிப்பவராகப் பதிந்துகொள்ளலாம். ஆனால் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. வீட்டு வாடகைக்குப் பயந்து படகு வாங்குவோர் கவனிக்காமல் விடுவது பெரும்பாலும் இந்த விதியைத்தான், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வேலையும் நகராதபோது வீடு மட்டும் நகர வேண்டியிருக்கும்.

இவ்வளவு தூரம் போக இயலாத மலைநாட்டு வாசகருக்கு நீர்கொழும்பே அண்மையான கால்வாய் நகரம். அங்கிருந்து களப்பு, ஹமில்டன் கால்வாய், முத்துராஜவெல வழியே இயந்திரப் படகில் சில மணி நேரம் செல்லலாம். பறவைகளைக் காண விரும்புவோர் விடியற்காலையில் புறப்படுவது நல்லது. கட்டணத்தையும் நேரத்தையும், உயிர்காப்பு அங்கி உண்டா என்பதையும் படகில் ஏறுமுன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.