சிவப்பு மையும் மூன்றாவது மீனும்

எழுவான்கரையிலே பிறந்தவன் மீனின் பெயரைப் பிறரிடம் கேட்டறிய வேண்டியதில்லை என்று ஒரு காலத்தில் நானும் இறுமாந்திருந்தேன். கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்குமிடையே நீண்டு கிடக்கும் மணற்றிடரிலே எங்கள் ஆரையம்பதி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த வாவியை ஊரார் வாவியென்று சொல்வதில்லை. 'ஆறு' என்பதே வழக்கு. வெளியூர் அன்பர்கள் வந்தால் பாடும் மீனைப் பற்றியே வினவுவர். நான் எழுதப் புகுவதோ பாடாத மீன்களைப் பற்றி. சந்தையிலே ஒரே குவியலாய்க் கிடந்து, ஒரே விலைக்குப் போகும் மீன்களைப் பற்றி.

1998 ஆம் ஆண்டு. வாவியில் இறங்குவதற்கே பல கட்டுப்பாடுகள் இருந்த காலம். விஞ்ஞான ஆசிரியனாகிய நான் தவணைப் பரீட்சையில் ஒரு வினா அமைத்திருந்தேன்: நம் நீர்நிலைகளில் வாழும் திலாப்பியா வகை இரண்டினை வரைந்து, வேறுபாடு காட்டுக. புள்ளி நான்கு. மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் மூன்று மீன்களை வரைந்திருந்தான். மூன்றாவதன் வாலிலே கோடுகள் பாதியில் நின்றன. விளையாட்டாய்க் கிறுக்கியிருக்கிறான் என்று எண்ணி, முழு விடைக்கும் சிவப்பு மையால் பிழை போட்டேன்.

“சேர், ஆத்தில இது கிடக்கு” என்றான்.

“ஆற்றில் கிடப்பதெல்லாம் புத்தகத்தில் இராது” என்றேன். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றே நினைவு.

அடுத்த ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. தகப்பனோடு தோணியேறிவிட்டான் என்றார்கள். என் சிரிப்புத்தான் அவனைத் தோணியில் ஏற்றியது என்று சொல்ல வரவில்லை. வறுமைக்கு என் உதவி வேண்டியதில்லை. ஆயினும் அந்தச் சிவப்புக் கோடு என் கண்ணைவிட்டு நீங்கவில்லை.

இனி மீனுக்கு வருவோம். முதலில் நம்மூர்க் குடிமகனையும் வந்தேறியையும் பிரித்தறிய வேண்டும். செத்தல் என்று எங்கள் பக்கத்தார் கூறுவதும், கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுவதும் ஒரே மீன். புளொக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1790 இல் அதனை விவரித்து, சூரத் நகரின் பெயரைச் சூட்டினார். திலாப்பியாவும் அதுவும் ஒரே பெருங்குடும்பத்தன. தட்டையான உடலும் முள் நிறைந்த முதுகுச் செட்டையும் இரண்டுக்கும் பொது. எனவே மயங்குவது இயல்பே. உடலின் குறுக்குப் பட்டைகளையும், செதிலிலே முத்துப்போல் விளங்கும் வெண்புள்ளிகளையும் பார் என்று நூல்கள் கூறும். நீரைவிட்டு எடுத்துப் பனிக்கட்டியில் இட்டபின் அந்த நிறங்களை நம்புவது வீண். விரலால் வயிற்றின் பின்புறத்தைத் தடவிப் பார்ப்பதே உறுதியான வழி. குதச் செட்டையின் முன்னே திலாப்பியாவுக்கு மூன்றே முட்கள். செத்தலுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. இருட்டிலும் தவறாத சோதனை இது. கவனமின்றித் தடவினால் விரலே விடை சொல்லும்!

திலாப்பியாவைச் சிலர் 'ஜப்பான் மீன்' என்கின்றனர். ஜப்பானுக்கும் அதன் பிறப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தாயகம் ஆபிரிக்கா. மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக்கு வந்தது 1952 இல். அதற்கு முன்பே அது ஜாவாத் தீவை அடைந்துவிட்டது. 1930களில் அங்கே அதனைக் கண்டெடுத்து வளர்த்த முஜாயிர் என்னும் எளிய மனிதரின் பெயராலேயே இந்தோனேசியர் இன்றும் அதனை அழைக்கின்றனர். பேரறிஞர் பலர்க்கும் கிட்டாத பேறு!

பின்னர், 1970களில், நைல் திலாப்பியா இலங்கைக் குளங்களில் விடப்பட்டது. விரைந்து பருப்பது அது. உப்பு நீரைத் தாங்குவதிலோ மூத்தவனுக்கு இளைத்தது. மொசாம்பிக் மீன் கடல்நீரிலும் குஞ்சு பொரிக்க வல்லது. மாரியிலே படுவான்கரைக் குளங்கள் வான் பாய, வெள்ளம் வாவியில் இறங்கி உப்பைக் கழுவும்போது குளத்து மீன் இங்கு வருகிறது. கோடையில் உப்பேறும். இரு வகையும் சந்திக்க இந்த ஏற்ற இறக்கமே போதும்.

சுத்தமான வகைகளைப் பிரிப்பது கடினமன்று. நைல் மீனின் வாற்செட்டையில் மேலிருந்து கீழாகக் கோடுகள் ஒழுங்காக நிரை நிரையாய் அடிமுதல் நுனிவரை ஓடும். மொசாம்பிக் மீனின் வாலில் அந்த நிரை இல்லை. இனப்பெருக்க காலத்தில் அதன் ஆண் கறுத்து, தாடையும் தொண்டையும் வெளுத்து, செட்டை விளிம்பு சிவந்து நிற்கும். முதிர்ந்த ஆணின் வாய் பெருத்து, நெற்றி குழிந்து தோன்றும். நைல் ஆணுக்கோ செம்மை படரும். ஐயம் தீரவில்லையெனில் பூவைத் திறந்து பார்க்கலாம் (தமிழகத்தார் செவுள் என்பதே எமக்குப் பூ). அதன் வளைவின் கீழ்ப்பாகத்தில் சீப்புப் பற்கள்போல் நிற்பவற்றை எண்ணினால், மொசாம்பிக்கில் 14 முதல் 20 வரை. நைலில் பெரும்பாலும் 20 இற்கு மேல். சில மீன்களில் இரு கணக்கும் 20 இல் வந்து முட்டிக்கொள்வதைக் கவனிக்க.

ஆனால் இரண்டும் கலந்து ஈன்றால்? கோவேறு கழுதைபோல் மலடாகவேண்டும் என்பது பலருடைய எண்ணம். என்னுடையதும் அதுவாகவே இருந்தது. இக்கலப்பு மீன்களோ வளமாக இனம் பெருக்குவன. கலப்பு மீண்டும் தாய்வழியோடு கலக்கும், தந்தைவழியோடும் கலக்கும். வாற்கோடு சிலதில் மேற்பாதியில் மட்டும், சிலதில் உடைந்து புள்ளியாக. இலங்கை நீர்த்தேக்கங்களில் இக்கலப்பு நிகழ்வதை ஆய்வாளர் 1980களின் இறுதியிலேயே எழுதிவிட்டனர். என் பையன் தாளில் வரைந்ததற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்னர்! ஆசிரியனாகிய நான்தான் அதனைப் படிக்காதிருந்தேன்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த மயக்கமன்று. ஆங்கிலேயர் 19 ஆம் நூற்றாண்டின் கடைக்கூறிலே தூண்டில் விளையாட்டுக்கென நுவரெலியா மலைக்கு டிறவுட் மீன்களைக் கொணர்ந்தனர். வானவில் டிறவுட் ஹோட்டன் சமவெளி ஓடைகளில் குடிகொண்டது. அமெரிக்காவின் மேற்கிலே அதே வானவில் மீன், தாடையின் கீழ்ச் செங்கீற்றுடைய சுதேச டிறவுட்டோடு கலந்து பெருகுகிறது. யெலோஸ்டோன் பூங்காவின் லமார் ஆற்றிலே சுதேச மீனை உயிரோடு நீரில் விடவேண்டும். வானவில் மீனையும், கலப்பென்று தெரிவதையும் திருப்பி விடலாகாது. அங்கே தூண்டில்காரனின் கண்ணே நீதிபதி. கலப்பு மீனிலும் அந்தச் செங்கீற்று மங்கலாக இருக்கும் என்பதுதான் இடர். ஆபிரிக்காவிலோ மொசாம்பிக் மீன் தன் தாயகத்திலேயே நைல் மீனோடு கலந்து தன் தூய உருவை இழந்து வருகிறது. அழியக்கூடிய இனமென்று உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. எங்கள் சந்தையில் மலிந்து கிடப்பதன் மூதாதை அங்கே அருகுகிறது! கலப்பின் அளவை முடிவாகச் சொல்ல வல்லது பரம்பரையலகுச் சோதனையே.

சென்ற மாரியில் வாவிக்கரைக்குப் போனேன். மண்முனையில் 2014 இல் பாலம் திறந்தபின் பாதையில் ஏறித் துறை கடக்கும் பழைய ஆரவாரம் இல்லை. ஆனால் வலைத் தோணிகள் விடியலில் வந்து சேர்கின்றன. தோணியோரம் மீன் தெரிந்துகொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது. முகத்தை நான் அறியுமுன் அவன் குவியலிலே கைவிட்டு ஒரு மீனை எடுத்து, வாலை விரித்துக் காட்டினான். கோடுகள் பாதியில் நின்றன.

“சேர், நீங்க பிழை போட்ட மீன்.”

என்ன சொல்வதென்று தெரியாமல், “நீ சொன்னதே சரி, நான்தான் அன்று படிக்கவில்லை” என்றேன்.

அவன் மகள், பத்து வயதிருக்கும், அருகே வந்து நின்றாள். அவளிடம் மீனைக் கொடுத்தான். “எண்ணு புள்ள” என்றான். அவள் நகத்தால் முள்ளை நெருடி, “மூண்டு” என்றாள். “அப்ப செத்தல் இல்ல. வாலப் பார். மறுகா என்ன?” அவள் தயங்கினாள். “ரெண்டிலயும் சேராது வாப்பா” என்று சொல்லப்போய், மறுபடி வாலைப் பார்த்து, “இல்ல, ரெண்டிலயும் சேரும்” என்று திருத்திக்கொண்டாள்.

மீனை நிறுத்துப் பையில் இட்டான். பணம் கொடுக்கையில் கேட்டான்: “அந்தக் கேள்விக்கு எத்தின புள்ளி சேர்?”

“நாலு.”

“அப்ப நாலும் தரணும்.”

தந்துவிட்டேன் என்றேன். ஒரு மீனுக்கு மட்டும் காசு வாங்க மறுத்துவிட்டான்.