சிங்கப்பூரில் நாயை எங்கே அவிழ்த்து விடலாம்?

சிங்கப்பூரில் பொது இடத்துக்கு வந்தாலே நாய்க்குக் கயிறு கட்டாயம். அப்போ அது எங்கேதான் ஓடும்? பீஷான் - அங் மோ கியோ பூங்கா, வெஸ்ட் கோஸ்ட் பூங்கா போன்ற இடங்களில் இதற்கென்றே வேலி போட்ட ‘டாக் ரன்’ பகுதிகள் இருக்கின்றன.

எது நல்ல இடம்? முதலில் வாசலைப் பாருங்க. இரட்டைக் கதவு இருந்தால், ஒருவர் உள்ளே நுழையும்போது இன்னொரு நாய் சாலைக்கு ஓடிவிடாது. அடுத்து, சின்ன நாய்களுக்குத் தனி இடம் இருக்கிறதா என்று பாருங்க. பெரிய நாய் விளையாட்டாக மோதினாலே சின்னதுக்கு எலும்பு முறியலாம்.

தடுப்பூசி முடியாத குட்டியைக் கூட்டிட்டுப் போகவே கூடாது. உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். உள்ளே விட்டதும் செல்போனில் மூழ்கிடாதீங்க. கயிறுதான் இல்லை, பொறுப்பு உங்களுடையதுதான்.